கையில் நிற்கும் பாய்க்குப் பந்தயத்தில் இடம் கொடுங்கள்

தமிழகக் கடற்கரையில் நெடுந்தூர விண்ட்சர்ஃபிங் பந்தயம் நடத்தும் மன்றத்தாருக்கும் பயிற்சியாளர்களுக்கும்,



தென்மேற்குக் காற்று தொடங்கப் போகிறது. மண்டபம், பிரப்பன்வலசை, பாம்பன் கரைகளில் மறுபடியும் பாய்கள் விரியும். இந்தப் பருவத்துப் பந்தயங்களுக்கான விதிகளை நீங்கள் எழுதி முடிப்பதற்குள் மனதில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றே இந்த மடலை எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நெடுந்தூர ஓட்டத்தில், எடை குறைந்த, கைக்கு அடங்கிய சிறிய பாயோடு வருகிறவர்களுக்கும் முறையான ஒரு பிரிவு வையுங்கள். அவர்களைப் பழகுபவர்கள் என்று ஒதுக்காமல் போட்டியாளர்கள் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலத்துக்காரன். எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது. கடலைப் பார்க்க ஓர் இரவு பஸ்ஸில் போக வேண்டும். ஆனாலும் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு பாக் விரிகுடாக் கரைக்கு வருகிறேன். விவசாயக் கூலி வேலைக்கும் லாரிப் பட்டறைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் அவர்கள். பலருக்கு உடல் எடை ஐம்பது கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். எங்களிடம் இருப்பவை ஐந்தரை, ஆறு சதுர மீட்டர் பாய்கள். வளைவைப் பிடித்து வைக்கும் கேம்பர் கிடையாது, பாயை விறைப்பாக்கும் ஐந்து பேட்டன், மெல்லிய மாஸ்ட் என்ற பாய்மரம். அந்தப் பாயைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை தனியாகக் கோர்த்து, தனியாகத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கும். அதை வைத்துத்தான் அவர்கள் கடலைக் கற்றார்கள்.

கடந்த பருவத்தில் நடந்த ஒரு சிறு நெடுந்தூர ஓட்டத்துக்கு அவர்களோடு வந்திருந்தேன். பதிவு மேசையில் எங்கள் பாய்களைப் பார்த்ததும், "இது கத்துக்கிறவங்க பாய், ரேஸுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். வேண்டுமானால் வேறு பாய் இரவல் வாங்கிக்கொண்டு ஓடலாம் என்றார்கள். எங்கள் மாணவி ஒருத்திக்கு 7.8 சதுர மீட்டர் கேம்பர் பாய் ஒன்று கிடைத்தது. ஓடாமல் ஊர் திரும்ப அவளுக்கு மனமில்லை. எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் மிதவை வரை அவள் ஓட்டம் அழகாகவே இருந்தது. திரும்பும் இடத்தில் காற்று ஒரு தட்டுத் தட்டியது, விழுந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். கேம்பர் பாயின் மாஸ்ட் உறை அகலமானது. பாய் தண்ணீரில் சாய்ந்து கிடக்கும்போது அந்த உறைக்குள் தண்ணீர் புகுந்து நிற்கும். பாயை எழுப்ப வேண்டுமானால், பாயின் எடையோடு உள்ளே நிற்கும் தண்ணீரையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அவள் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். பாய் அரையடி எழுந்து மறுபடி படுத்தது. தண்ணீரில் கிடந்தபடி காற்றைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். மாஸ்டின் நுனியைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவரவே முடியவில்லை. முயன்று முயன்று முன்கை இறுகி, விரல் மடங்காத நிலைக்கு வந்துவிட்டது. காற்றோ கரையிலிருந்து கடலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முயற்சியின் போதும் அவள் இன்னும் கொஞ்சம் வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

வலை இழுத்துவிட்டுத் திரும்பிய நாட்டுப் படகு ஒன்றுதான் அவளைக் கரை சேர்த்தது. படகில் இருந்த பெரியவர் பாயைச் சுருட்டியபடியே, "ஏம்மா, இம்புட்டுப் பெரிய பாய எதுக்கும்மா எடுத்துட்டு வந்த?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்து, "தூக்கவே முடியலைங்க சார்" என்றாள். அன்று மாலை பரிசளிப்பில், பெண் பிள்ளைகள் உடம்பில் இன்னும் வலு ஏற்ற வேண்டும் என்று ஒருவர் அறிவுரை சொன்னார். அந்தச் சொல்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. அவளிடம் வலு இருந்தது. அவள் எடைக்கும் அன்றைய காற்றுக்கும் பொருந்தாத பாய் அவள் கையில் இருந்தது. குறையை அவள் உடம்பில் தேடியது அநியாயம்.

பாய் பெரிதானால் வேகம் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. காற்று மெலிந்திருக்கும்போது பெரிய பாய்தான் போர்டைத் தண்ணீர் மேல் எழுப்பிச் சறுக்க வைக்கும். கேம்பர்கள் பாயின் முன்விளிம்பில் வளைவைப் பிடித்து வைப்பதால், காற்று ஏறி இறங்கினாலும் பாயின் வடிவம் குலையாது. எழுபது எண்பது கிலோ எடையும் ஆண்டுக்கணக்கான பயிற்சியும் உள்ள ஒருவர் அந்தப் பாயைக் கட்டி ஆள்வார். அவரிடமிருந்து அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் பொருந்துவதே எல்லோருக்கும் பொருந்தும் என்று விதி எழுதுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கணக்காகவே பார்ப்போம். காற்றின் வேகம் மணிக்கு 12 கடல் மைலிலிருந்து 18 கடல் மைலுக்கு ஏறினால் அது ஒன்றரை மடங்கு. ஆனால் பாயின் மேல் விழும் விசை இரண்டேகால் மடங்காகிவிடும். விசை காற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதுதான் காரணம். கரையோரத்தில் குறுகிய சுற்று ஓடுகிறவருக்கு, காற்று ஏறினால் அடுத்த ஓட்டத்துக்குள் கரைக்கு வந்து பாயை மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது. இருபது கிலோமீட்டர் போகிறவருக்கு அந்த வழி இல்லை. புறப்படும்போது கோர்த்த பாயோடுதான் கடைசி வரை போயாக வேண்டும். நடுக்கடலில் காற்று ஏறினால், 7.8 சதுர மீட்டர் பாயைப் பிடித்திருக்கும் ஐம்பது கிலோப் பிள்ளை காற்றை வெளியே விட்டு விட்டுத்தான் ஓட முடியும். அத்தனை பெரிய பாயால் அப்போது கிடைப்பது சுமை மட்டும்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. இருபது கிலோமீட்டரை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 40 நிமிடம் ஆகும். 27 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய நாற்பத்து நான்கரை நிமிடம். வித்தியாசம் நான்கரை நிமிடம்தான். பெரிய பாயோடு இரண்டு முறை விழுந்து, உறைக்குள் தண்ணீர் ஏறி, எழுந்திருக்க ஒவ்வொரு முறையும் இரண்டரை நிமிடம் போனால் அந்த முன்னிலை முழுவதும் போய்விடும். அதோடு கையின் வலுவும் போய்விடும். ஹார்னெஸ் மாட்டியிருந்தால் நேர் ஓட்டத்தில் இழுவையை இடுப்பு வாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் புறப்படும்போதும், திரும்பும்போதும், விழுந்து எழும்போதும், காற்று செத்த இடத்தில் பாயை அசைத்து அசைத்துப் போர்டைக் கிளப்பும்போதும் கைதான் பாடுபடுகிறது. மாஸ்டின் உச்சியில் கூடும் ஒவ்வொரு நூறு கிராமும் அந்தக் கையில்தான் வந்து இறங்குகிறது. முதல் ஐந்து கிலோமீட்டரில் தெரியாத எடை, பதினைந்தாவது கிலோமீட்டரில் தெரியும்.

எங்கள் பக்கத்து லாரி ஓட்டுநர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாமக்கல்லில் சரக்கேற்றி வடக்கே போகிறவர், வண்டி எவ்வளவு விரட்டினால் எவ்வளவு ஓடும் என்று பார்ப்பதில்லை. போய்ச் சேரும் வரை எந்த வேகம் தாங்கும் என்று பார்ப்பார். நெடுந்தூரப் பந்தயத்துக்குப் பாய் தேர்வதும் அப்படித்தான்.

வெளிநாட்டில் எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். பிரான்சின் க்ரூய்சான் கரையில் நடக்கும் டெஃபி விண்ட் பந்தயம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. 40 கிலோமீட்டர் ஓட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள். டிராமொண்டான் காற்று வெறிகொண்டு அடிக்கும் நாளில் அங்கே பெரிய பாயை யாரும் பெருமையாக நினைப்பதில்லை. காற்றையும் தன் உடம்பையும் பார்த்து அவரவர் பாயைச் சிறிதாக்கிக்கொள்கிறார்கள். முதலில் வருகிறவர்கள் பந்தயப் பாய்க்காரர்கள்தான். ஆனால் அந்தப் பந்தயத்தைத் திருவிழாவாக்குகிறவர்கள் பின்னால் வரும் நூற்றுக்கணக்கானவர்கள். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் லெட்ஜ் பாயிண்டிலிருந்து லான்செலின் வரை 1986 முதல் நடக்கும் கடலோட்டமும் சாதாரண ஓட்டக்காரர்களால் வளர்ந்ததுதான்.

என் கோரிக்கைக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி விண்ட்சர்ஃபர் வகுப்பு. இந்த விளையாட்டின் ஆதிப் போர்டிலிருந்து வந்த வகுப்பு அது. இன்று விண்ட்சர்ஃபர் எல்டி என்ற பெயரில் ஓடுகிறது. எல்லோருக்கும் ஒரே போர்டு, ஒரே 5.7 சதுர மீட்டர் பாய். கேம்பர் இல்லை. அந்த ஒரே பாயை வைத்துச் சுற்றோட்டம், ஸ்லாலம், வித்தை ஓட்டம் ஆகியவற்றோடு நெடுந்தூர மாரத்தானையும் நடத்துகிறார்கள். உடல் எடையைப் பார்த்துப் பிரிவு பிரிக்கிறார்கள். சிறிய, எளிய பாய் நெடுந்தூரத்துக்கு ஆகாது என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை.

வெளியே போவானேன், உங்கள் கண்ணெதிரேயே உதாரணம் இருக்கிறது. உங்களில் பலர் ஐஎல்சிஏ பாய்மரப் படகில் வளர்ந்தவர்கள். ஒரே படகுடல், அதற்கு மூன்று அளவுப் பாய். ஐஎல்சிஏ 7-க்கு 7.06 சதுர மீட்டர், 6-க்கு 5.76, 4-க்கு 4.7. எடை குறைந்தவர்களுக்குச் சிறிய பாய் என்பது அந்த வகுப்பின் விதி. யாரும் அதைச் சலுகை என்று சொல்வதில்லை. 2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நேஹா தாக்கூர் வென்ற வெள்ளி அந்த மூன்றிலும் சிறிய பாயான ஐஎல்சிஏ 4-இல் வந்தது. அதை நாடே கொண்டாடியது. அவ்வளவு சிறிய பாயில் வென்றது வெற்றியா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சென்னையில் கற்ற நேத்ரா குமணனும் ஐஎல்சிஏ 6 பாயோடுதான் ஒலிம்பிக் வரை போனார். படகுக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தைப் போர்டுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

அதே செப்டம்பர் 26 அன்று ஈபாத் அலி ஆர்எஸ்:எக்ஸ் விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வென்றார். இந்த விளையாட்டில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு என்பதற்கு அந்தப் பதக்கமே சாட்சி. ஆர்எஸ்:எக்ஸ் வகுப்பில் ஆண்கள் பாய் 9.5 சதுர மீட்டர். இன்று ஒலிம்பிக்கில் இருக்கும் ஐக்யூஃபாயில் பாரிஸில் ஓடியபோது ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 8. அந்த உயரத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பாயைப் பிடிக்கத்தான் வேண்டும். அதற்கேற்ற உடம்பையும் பயிற்சியையும் தேடிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அங்கே போய் நிற்கப் போகும் ஒருவர் முதலில் நூறு பேரில் ஒருவராக இருந்திருக்க வேண்டும். அந்த நூறு பேரை எந்தப் பாயை வைத்துச் சேர்ப்பீர்கள்? கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை முதல் பந்தயத்திலேயே ஒலிம்பிக் அளவுப் பாயோடு வர வேண்டும் என்றால், அந்தப் பிள்ளை வரவே வராது. பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டுக்கு அகாடமி என்று அரசு அறிவித்தபோது எங்கள் பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சியை நான் நேரில் பார்த்தேன். அந்த வாசல் அவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும்.

நம் கடலுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. தென்மேற்குக் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால்தான் பிரப்பன்வலசைப் பக்கம் பாக் விரிகுடா அலையில்லாமல் கிடக்கிறது. பழகுவதற்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. ஆனால் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்றில், பாயை எழுப்ப முடியாமல் போனவர் கரைக்கு ஒதுங்க மாட்டார், வெளியேதான் போவார். அங்கே இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு இருக்கிறது. 1974-இலும் 1976-இலும் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு வரைந்த அந்தக் கோட்டால் நம் மீனவர்கள் படும் பாட்டை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றித் தேசியக் கடல் பூங்கா. நினைத்த இடத்தில் மிதவை போட முடியாது. ஆகவே நெடுந்தூர ஓட்டம் பாக் விரிகுடாவில்தான் நடக்கும். தென்மேற்குப் பருவத்தில் அது கரைவிட்டுப் போகும் காற்றில்தான் நடக்கும். இந்தத் தண்ணீரில் பாதுகாப்புக்கு முதல் விதி, விழுந்தவர் தன் பாயைத் தானே எழுப்பத் தெரிந்திருப்பதுதான். மீட்புப் படகு அதற்கு அடுத்தபடி. எழுப்ப முடியாத பாயை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பும் விதி, பந்தய விதியாக இருக்கலாம்; பாதுகாப்பு விதியாக இருக்க முடியாது.

தொண்டிப் பக்கத்துக் கிராமங்களில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும் நாளில் போய் நின்று பாருங்கள். அங்கே ஓடுகிறவர்கள் காற்றைப் பிறவியிலிருந்தே அறிந்தவர்கள். காற்று மிஞ்சினால் பாயைச் சுருக்கிக்கொள்ளத் தயங்காதவர்கள் அவர்கள். அதில் அவர்களுக்கு மானக்கேடு எதுவும் இல்லை. நம் கரையின் அந்த அறிவுக்கு நம் விளையாட்டிலும் மதிப்புக் கொடுங்கள்.

இலகுவான பாய் சீக்கிரம் கிழியும், நெடுந்தூரத்துக்குத் தாங்காது என்றும் சிலர் சொல்கிறார்கள். மெல்லிய மோனோஃபிலிம் வெயிலில் நொறுங்கும், அது உண்மை. அதற்கு வழி இருக்கிறது. இழுவை விழும் இடங்களில் டேக்ரான் துணியும், நூல் பின்னிய எக்ஸ்-பிளையும் வைத்த பாய்களை வாங்குங்கள். கிழிந்தால் தைத்துக்கொள்ளவும் முடியும். எங்கள் பாய் ஒன்று பூம் பொருந்தும் இடத்தில் கிழிந்தபோது அதை நாமக்கல்லில் லாரித் தார்ப்பாய் தைப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் பாயை வெளிச்சத்தில் பிடித்து, கிழிசலின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இழுப்பு எங்க விழுதோ அங்கதானுங்க கிழியும். ரெண்டாம் துணி வெச்சு, குறுக்குத் தையல் போடோணுங்க" என்றார். கிழிசலின் இரு முனையிலும் சிறு வட்டம் வெட்டி, கிழிசல் மேலே ஓடாதபடி நிறுத்தி, அதற்குப் பிறகுதான் துணியை வைத்துத் தைத்தார். அந்தப் பாய் இன்னும் ஓடுகிறது. அகல உறையும் கேம்பரும் உள்ள பந்தயப் பாயை இவ்வளவு எளிதாகச் சரிசெய்துவிட முடியாது. பணம் குறைந்த வீட்டுப் பிள்ளை இந்த விளையாட்டில் நிலைத்து நிற்பதும் விட்டுப் போவதும் பல நேரம் இந்தப் பழுதுச் செலவில்தான் தீர்மானமாகிறது.

ஆகவே மன்றத்தாரே, நான் கேட்பவற்றைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். இந்தப் பருவத்திலேயே ஒவ்வொரு நெடுந்தூர ஓட்டத்திலும் ஆறு சதுர மீட்டருக்கு மிகாத, கேம்பர் இல்லாத பாய்க்குத் தனிப் பிரிவு வையுங்கள். அதை ஐம்பத்தைந்து கிலோவுக்குக் கீழே, மேலே என்று எடையால் இரண்டாகப் பிரியுங்கள். பெரிய பாய்க்காரர்கள் ஓடும் அதே தடத்தில் ஓட விடுங்கள், நேரம் குறியுங்கள், முடிவுப் பட்டியலில் பெயர் போடுங்கள், பரிசை அதே மேடையில் கொடுங்கள். புறப்படுவதற்கு முன்னால், எந்தப் பிரிவானாலும், ஒவ்வொருவரும் தான் கொண்டுவந்த பாயை ஆழத்தில் விழுந்து தானே எழுப்பிக் காட்ட வேண்டும் என்று விதி செய்யுங்கள். எழுப்ப முடியாதவரை அந்தப் பாயோடு கடலுக்கு விடாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும்.

பயிற்சியாளர்களே, உங்களிடம் ஒன்று. உங்கள் பிள்ளைகளைத் தராசில் நிறுத்திய பிறகு பாயைக் கொடுங்கள். பெரிய பாய்க்கு மாறுவதை அவர்களுக்கு வைக்கும் சோதனையாக்காதீர்கள். சிறிய பாயில் மூச்சு வாங்காமல் இருபது கிலோமீட்டர் ஓடி முடிக்கிற பிள்ளை, உடம்பு வளர்ந்ததும் பெரிய பாயைத் தானே கேட்கும். பெரிய பாயில் ஒரு முறை பயந்து கரையேறிய பிள்ளை மறுபடி தண்ணீர்ப் பக்கம் வருவது கடினம். எங்கள் மாணவி திரும்பி வந்தாள் என்றால் அது அவளுடைய மனவுறுதி. எல்லாப் பிள்ளைகளிடமும் அதை எதிர்பார்த்து விதி எழுதக் கூடாது.

இந்தப் பிரிவை வைக்க உங்களுக்குப் பரிசைத் தவிரப் புதிதாக ஒரு ரூபாய்ச் செலவும் இல்லை. அதே மிதவைகள், அதே மீட்புப் படகு, அதே கடிகாரம் போதும். உங்கள் விதித்தாளில் ஒரு பத்தி கூடும், அவ்வளவுதான். அந்தப் பத்தியை எழுதுங்கள். ஆனி மாதப் பந்தயத்துக்கு எங்கள் பிள்ளைகள் தங்கள் பாய்களோடு வருவார்கள். இந்த முறை பதிவு மேசையில் அவர்களைப் போட்டியாளர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பந்தயங்களை நேசிக்கும்
சேந்தமங்கலத்துப் பயிற்றுநர் ஒருவர்